குறிப்பிடத்தக்க நிகழ்வு எதுவுமில்லை

ஒவ்வொரு ஷிஃப்டின் முடிவிலும்
பதிவேட்டில் இதைத்தான் எழுதினேன்:
குறிப்பிடத்தக்க நிகழ்வு எதுவுமில்லை.
பதினாறு வருடம்.
முதலில் நீல மை, பிறகு விசைப்பலகை.
ஒப்பம்: தர்மினி, அணுஉலை இயக்குநர்.

எல்பே ஆறு உள்ளே வந்தது,
நொடிக்கு ஐம்பது கன மீட்டர்,
கொஞ்சம் சூடேறி வெளியே போனது.
கரைமேட்டில் செம்மறிகள் மேய்ந்தன.
ஹம்பர்க்கில் யாரோ தேநீருக்குத் தண்ணீர் வைத்தார்கள்.
என் சாதனை அவ்வளவுதான்.

வருடத்துக்கு இரண்டு முறை
எஸ்ஸன் நகரத்துப் பயிற்சிக் கூடம்.
எங்கள் கட்டுப்பாட்டு அறையின் அச்சு அசல்,
காப்பிக் கறை மட்டும் வேறு மேசையில்.
அங்கே குழாய்கள் வெடிக்கப் பார்த்தேன்.
நான்கு பம்புகளும் ஒன்றாய் நிற்கப் பார்த்தேன்.
டெட்லெஃப் வேண்டுமென்றே தவறான பொத்தானை அழுத்துவான்,
எல்லா விளக்கும் சிவக்கும்,
வியர்த்து வழிய உலகத்தைக் காப்பாற்றிவிட்டு
பன்னிரண்டரைக்கு உருளைக்கிழங்கு சாலட்.
நடக்காத விபத்துகளில்
கைதேர்ந்தவள் நான்.

டிசம்பரின் கடைசி இரவில் உலையை அணைத்தோம்.
ஊரெங்கும் வாணவேடிக்கை, அது எங்களுக்காக இல்லை.
வாயிலில் ஒரு கூட்டம் பாடியது, ஒரு கூட்டம் அழுதது.
இரண்டுக்கும் கையசைத்துவிட்டு
சைக்கிளில் வில்ஸ்டருக்கு வீடு போனேன்.

ஒரே ஒரு பேருந்தை
ஒரே ஒரு சாலையில் ஓட்டத் தெரிந்தவளின்
உரிமம் என்னுடையது.
டெட்லெஃப் காற்றாலைக்குப் போனான்,
உயரம் ஒத்துக்கொள்ளவில்லை, திரும்பி வந்தான்.
ஹைக்கே சுவிஸுக்குப் போய்விட்டாள்,
அங்கே ஆரே ஆற்றங்கரையில் இன்னும்
'எதுவுமில்லை' என்று எழுதிக்கொண்டிருக்கிறாள்.
பொறாமைதான்.
டோர்ட்மண்டிலிருந்து அம்மா கேட்கிறார்:
"உனக்கு வேலை இருக்கோ, போச்சோ?"
"ரெண்டும்தான் அம்மா."

நேர்முகத்துக்கு வந்த ஸ்வான்யேக்கு இருபத்து நான்கு.
இடிக்கிற வீட்டுக்கு ஏன் குடிவருகிறாய் என்றேன்.
"இடித்து முடிக்க இருபது வருடமாமே,
இப்போது வேறு எந்த வேலை
அவ்வளவு நாள் நிற்கும்?"
பலவீனங்கள் என்ற கட்டத்தில்
பொறுமை என்று எழுதியிருந்தாள்.
எடுத்துக்கொண்டோம்.

இப்போது எங்கள் வேலை
ஒவ்வொரு இரும்பும் நிரபராதி என்று நிரூபிப்பது.
அறுத்து, கழுவி, அளவைப் பெட்டிக்குள் வைத்து,
கதவை மூடிக் காத்திருந்து,
எண் சரியென்றால் முத்திரை.
வால்வு போகலாம்.
ஏணி போகலாம்.
தரையோடு ஒட்டியிருந்த மஞ்சள் கோடு,
அதுவும் சுரண்டப்பட்டு, எடைபோடப்பட்டு, போகலாம்.

போன செவ்வாய் என் நாற்காலி.
கட்டுப்பாட்டு அறையில் தூசியைத் தவிர
எதுவும் அதைத் தொட்டதில்லை, ஆனாலும் விதி விதிதான்.
இடது கைப்பிடியில் தோல் தேய்ந்து
பஞ்சு எட்டிப்பார்த்தது:
ஒரு முழங்கையின் பதினாறு வருடம்.
ஸ்வான்யே கதவை மூடினாள்.
பெட்டி வெகுநேரம் யோசித்தது.
"இயல்பான பின்னணிக்கு மேல் ஒன்றுமே இல்லை"
என்றாள், நல்ல செய்தி சொல்கிற குரலில்.

நல்ல செய்திதான்.

மாலை ஆரஞ்சு உடையைக் கழற்றி வெளியேறும் கருவிக்குள் நின்றேன்.
கைகளை உள்ளே வைக்கவும்.
திரும்பி நிற்கவும்.
நன்றி.
அன்று வேறு யாரும் அதைச் சொல்லவில்லை.

கரைமேட்டில் செம்மறிகள் வழிவிடவில்லை.
மணியடித்தேன்.
ஒன்று மட்டும் தலைதூக்கி,
மெல்லுவதை நிறுத்தி,
என்னையே பார்த்தது, ஒரு நிமிடம் இருக்கும்,
பிறகு புல்லுக்குத் திரும்பியது.

பதிவேட்டில்
இதை எழுதியிருக்க மாட்டேன்.