ஆட்சேபனை இல்லை

யூலை நாலாந் திகதி
தொண்ணூற்றாறு வரி அட்டவணையை
இரண்டு பிரதியில் கட்டி
மட்டக்களப்புக் கந்தோரில் கொடுத்தேன்.
பவளேஸ்வரி கையெழுத்துப் போட்டு
திகதி முத்திரை குத்தினா.
அந்தச் சத்தம் மட்டும்தான்
பிறகு நாற்பது நாளைக்கு
எனக்குக் கிடைத்த பதில்.

கொந்தராத்தில் எழுதியிருக்கிறது:
இருபத்தொரு நாளுக்குள் பொறியியலாளர் சொல்லவேண்டும்.
சொல்லாவிட்டால் என்ன என்று
அடுத்த வரியில் இருந்திருக்கவேண்டும்.
அடுத்த வரியில்
தொழிலாளருக்கான குடிநீர், மலசலகூடம்.

சித்தாண்டிக்கு மேற்கே முந்தனாறு
அப்போது முழங்காலளவு.
எருமைகள் நடு ஆற்றில் நின்று
எங்களைப் பார்த்தன.
கச்சான் காற்று மணலை அள்ளி
முளைக்கட்டைகளின் சிவப்பு நாடாவில் அடித்தது.
ஏறாவூர்ச் சபூர்தீன்
பெக்கோவின் கையை மடக்கி
அதன் நிழலில் படுத்தான்.
ஒரு நாள் வாடகை இருபத்தெட்டாயிரம்,
நிழல் உட்பட.

மேற்பார்வையாளர் பேரின்பம்
தினக்குறிப்பில் எழுதினார்:
ஆட்கள் பதினாலு. சும்மா.
நான் வெட்டி எழுதினேன்:
அட்டவணை அனுமதிக்காகக் காத்திருப்பு.
ரெண்டும் ஒண்டுதானே புள்ள, என்றார்.
இல்லை.
சும்மாவுக்கு ஒன்றுமில்லை.
காத்திருப்புக்கு,
இருபத்தெட்டு நாளுக்குள் எழுதிக் கொடுத்தால்,
நாள் கிடைக்கும்.

முதலாளி சொன்னார்: கடிதம் போடாத.
பெரிய மனுசர், கோவிச்சாரெண்டா
பில்லும் அவர்ர கையாலதான் வரவேணும்.
அதுவும் பிழையில்லை.
போன மாதச் சீமெந்துக் கடன்
அவர் சட்டைப்பையில் நாலாய் மடிந்து கிடந்தது.

நான் கோபமில்லாத கடிதம் எழுதப் பழகினேன்.
தங்கள் மேலான கவனத்திற்கு
என்று தொடங்கி
நாள் ஒன்பது என்று முடியும்.
பிறகு நாள் பதினாறு.
நாள் இருபத்திரண்டு.
எண்ணை மட்டும் மாற்றினால் போதும்;
ஒரு தயவுசெய்து கூடினாலும்
அது சண்டை.

நாற்பதாம் நாள் பதில் வந்தது:
பதினோராம் வரியின் நிறம் தெளிவில்லை,
திருத்தி மீண்டும் சமர்ப்பிக்கவும்.
நிறத்தை மட்டும் திருத்தினேன்.
நாட்கணக்கு மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கியது.
வானத்துக்கு யாரும் அதைச் சொல்லவில்லை.

ஒக்டோபரில் காற்று வாடைக்குத் திரும்பியது.
பேரின்பம் ஒன்றும் கேட்காமல்
சீமெந்துப் பைகளை மேட்டுக்கு ஏற்றினார்.
உறுகாமத்தில் வான்கதவு திறந்துவிட்டார்களாம் என்று
பெருமாவெளிப் பால்காரன் சொல்லிப்போன இரவு
சபூர்தீன் பெக்கோவோடு வீட்டுக்குப் போனான்.

நவம்பர் பதினெட்டு. பதிவுத்தபால்.
என் அட்டவணை, என் திருத்திய நிறம்,
மூலையில் ஊதா மையில்
ஆட்சேபனை இல்லை.
வரி பதினொன்று: அத்திவாரம் தோண்டல்,
ஓகஸ்ட் ஆறு தொடக்கம்.
ஆட்சேபனை இல்லை.
வரி பதினாலு: நடுத்தூண் கொங்கிரீட்.
ஆட்சேபனை இல்லை.
யன்னலுக்கு வெளியே
நடுத்தூண் நிற்கவேண்டிய இடத்தால்
யாரோ ஒருவரின் வேலி, கதியாலும் கம்பியுமாய்,
கடலைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தது.

முதலாளி நனைந்த சாறனோடு வந்தார்.
கதிரையில் இருக்கவில்லை.
எத்தின கடிதம் போட்டிருக்காய் புள்ள?
அந்தக் குரலில் என்ன இருந்தது என்று
எனக்குப் பிடிபடவில்லை.
பைலை எடுத்து வைத்தேன்.
ஏழு.
ஒவ்வொன்றின் அடியிலும் பவளேஸ்வரியின்
சாய்ந்த கையெழுத்து.
அவர் எண்ணினார்.
விரலை எச்சிலில் தொட்டு
திரும்பவும் எண்ணினார்.

வந்த அனுமதியில்
வந்த திகதியைக் குத்தினேன்.
நீர்மட்டக் கோலைப் படமெடுத்தேன்:
ஐந்தடி இரண்டு அங்குலம்.
எட்டாவது கடிதம்.
தங்கள் மேலான கவனத்திற்கு.
சென்ற நாள் நூற்றிமுப்பத்தேழு,
தங்களுக்குரிய இருபத்தொன்றைக் கழித்து
கோரும் நாள் நூற்றிப்பதினாறு.

கரண்ட் இல்லை.
பேரின்பம் டோர்ச் பிடித்தார்.
இனி ஆறு வடியும் வரைக்குமான நாட்களை
எந்த வரியில் போடுவது என்று தெரியாமல்
பேனாவை மூடாமல் வைத்திருந்தேன்.