யானாவுக்கும் ஜானாவுக்கும் நடுவில்

கோப்பு திரும்பி வந்திருக்கிறது.
மூன்றாம் தடவை.
இந்த முறை பென்சிலால் ஒரு வட்டம்
என் பெயரின் முதல் எழுத்தைச் சுற்றி.

பட்டச் சான்றிதழில் யசோதினி.
பிறப்புப் பத்திரத்தில் ஜசோதினி.
தொண்ணூற்றாறில், அக்கராயனில்,
தறப்பாளுக்குக் கீழே மேசை போட்டிருந்த பதிவாளருக்கு
அம்மா சொன்னது
மழைச் சத்தத்தில் அப்படித்தான் கேட்டிருக்கிறது.
பிறந்தவர் எவர், பட்டம் பெற்றவர் எவர்
என்று கொழும்பு கேட்கிறது.
நியாயமான கேள்விதான்.

ஐந்து வருடம் கைதடிக்கு
மினிபஸ் படியில் நின்று போனது யானா.
குணபாடத்தில் ஒருமுறை கோட்டைவிட்டு
ஆடி வெயிலில் திரும்பவும் எழுதியது யானா.
ஃபோர்மலின் மணக்கும் கையால் சோறு பிசையப் பழகியது,
விதை எடுக்காமல் கடுக்காயை இடித்து
எல்லாருக்கும் முன்னால் ஏச்சு வாங்கியது,
பயிற்சி வருடத்தில் விடிய விடிய விழித்து
வாதக்காரரின் முழங்காலில் தைலம் ஊற்றியது,
எல்லாம் யானா.
ஜானா
பிறந்ததோடு சரி.

கோண்டாவிலில் அறை எடுத்துப்
பலகையும் எழுதியாயிற்று.
வைத்தியர் என்ற சொல்லின் மேல்
யூரியாப் பை ஒன்றைக் கட்டியிருக்கிறேன்.
பதிவெண் வரும்வரை அப்படித்தான்.
காற்றடித்தால்
"வைத்" மட்டும் தெரியும்.

எதிர்க்கடையில் பச்சை மா விற்கிறார்கள்.
ஒரு மாதத்தில் சீனி மாறுமாம், மூட்டு வலி போகுமாம்,
கடன் தீருமென்று மட்டும் இன்னும் எழுதவில்லை.
கடைக்காரர் படித்தது மூன்று நாள், ஃபோனில்.
அவர் பலகைக்கு இரவிலும் லைட் எரிகிறது.

அந்த லைட் வெளிச்சத்தில்தான்
பாசையூர் அருளப்பு நொண்டிக்கொண்டு வந்தார்.
"நீ இன்னும் டொக்டர் இல்லையாமே பிள்ளை.
அப்ப காசும் இல்லைத்தானே, பார்."

துணியை அவிழ்த்தேன்.
சின்னவிரல் கறுத்திருந்தது.
பச்சை மா அதன்மேல் காய்ந்து
ஓடாக இறுகியிருந்தது.
பென்சிலால் தொட்டேன், தெரியவில்லை என்றார்.
இன்னும் அழுத்தினேன்.
"தொட்டிட்டியா?"

படித்த எண்ணெயெல்லாம் வரிசையாக ஞாபகம் வந்தது.
ஒன்றையும் எடுக்கவில்லை.
ஓட்டோக்காரருக்கு அடித்தேன்,
பெரியாஸ்பத்திரி, இப்பவே.
துண்டில் எழுதினேன்:
இடது கால், ஐந்தாம் விரல், பத்து நாள், உணர்வில்லை.
கையெழுத்து வைக்கும் இடத்தில்
பேனா நின்றது.
பெயரில்லாமலே கொடுத்துவிட்டேன்.

இரண்டு கிழமைக்குப் பிறகு அவர் மனைவி வந்தா,
பையில் ஒரு பாரை மீன்.
"விரல் போட்டுது. கால் நிக்குது.
துண்டு எழுதினது ஆரெண்டு அங்க கேட்டவை.
எங்கட டொக்டர் எண்டு சொன்னனான்."
"ஐயோ, அப்படிச் சொல்லக்கூடாது" என்று சொல்லி
மீனை வாங்கி வைத்தேன்.

இன்றைக்குச் சத்தியக் கடதாசி.
இரண்டு போட்டோக்கொப்பி, ஒரு முத்திரை,
யசோதினி என்பவரும் ஜசோதினி என்பவரும்
ஒருவரே என்று
நான் இத்தால் சத்தியம் செய்கிறேன்.

சமாதான நீதவான் இரண்டு தடவை வாசித்தார்.
றப்பர் முத்திரையை மையில் ஒற்றி
அந்தரத்தில் பிடித்தபடி
கண்ணாடிக்கு மேலால் பார்த்தார்.

"எல்லாம் சரி பிள்ளை.
இதில நீ
எந்தப் பெயரில கையெழுத்து வைக்கப் போறாய்?"