முப்பது, பதினைந்து, பதினைந்து, பதினைந்து

காலை ஏழரையிலிருந்து
ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரி, அறை எண் பதினொன்று.
அடுத்தவர் கையைக் கட்டுவது என் வேலை.
முழங்கைக்கு நாலு விரல் மேலே
ரப்பர் பட்டை, ஒரு சுருக்கு.
மூடித் திறங்க, மூடித் திறங்க.
சிலருக்கு நரம்பு சாட்டைக் கயிறாய் எழும்பும்,
சிலருக்குத் தட்டித் தட்டிக் கூப்பிட வேண்டும்.
ஒரு நிமிடத்துக்கு மேல் கட்டிவைக்கக் கூடாது.

சாயங்காலம் முருகன்குறிச்சியில்
டயர் கடை மாடியில்
என் கையை மரகதவல்லி கட்டுகிறாள்.
ஆயுதப்படைக்காரி, லத்தி பிடித்த விரல்.
அக்குளை ஒட்டி, புஜத்தின் உச்சியில்
கறுப்புப் பட்டை. பம்பு. முள் ஏறுகிறது.
"போதுமாட்டி?"
"இன்னுங் கொஞ்சம்."
"ஏளா, வார தண்ணிய அடைக்கப்பிடாது.
போற தண்ணியத்தான் மறிக்கணும்."
சேரன்மாதேவிப் பக்கம் வயல் அவர்களுக்கு.
ரத்தத்தையும் மடைக் கணக்கில்தான் பேசுவாள்.

போன ஆடியில் தோள் கிழிந்தது.
அறுபத்திரண்டரை கிலோவை
நெஞ்சிலிருந்து தள்ளிக்கொண்டிருந்தேன்.
இப்போது வெறுங்கம்பி, பதினைந்து கிலோ.
வீட்டில் காலி சிலிண்டரே இதைவிடக் கனம்.

முதல் முப்பது சும்மா.
விசிறியைப் பார்த்துக்கொண்டே முடித்துவிடலாம்.
அரை நிமிட ஓய்வு; பட்டையை அவிழ்ப்பதில்லை.
அடுத்த பதினைந்தில் கை என்னுடையதில்லை.
உள்ளே வந்த ரத்தம் வெளியேற வழியில்லாமல்
தேர் திரும்புகிற நேரத்து வாகையடி முக்கு மாதிரி
நெரிகிறது, முட்டுகிறது, எரிகிறது.
பதினைந்து கிலோ
தன்னை அறுபது என்று பொய் சொல்கிறது.
தசை நம்பிவிடுகிறது.
இதில் சூட்சுமம் அவ்வளவுதான்.

செவ்வாய்க்கிழமை, டோக்கன் நாற்பத்து மூன்று.
ஜாக்கெட் கையை ஏற்றினாள்.
நாலு விரல், ஒரு கட்டைவிரல்,
நீலம் மஞ்சளாகிக்கொண்டிருந்தது.
மற்ற கையைக் கொடுங்கக்கா என்றேன்.
மேல் தட்டில் குழாய் எடுக்க எட்டினேன்;
என் சட்டைக் கை நழுவியது.
முந்தின நாள் முள் கொஞ்சம் கூடிப்போயிருந்தது,
புஜத்தைச் சுற்றிச் செம்புள்ளி வளையம்.
அவள் பார்த்தாள்.
"உங்க வீட்லயுமா?"

"இல்லக்கா. நானாக் கெட்டுனது. ஜிம்முல."
சிரித்தாள்.
"கதவுல இடிச்சிட்டேன்னு நானும்
இப்பத்தான் டாக்டர்ட்ட சொல்லிட்டு வாரேன்."

ஊசி இறங்கியது. குழாய் நிறைந்தது.
சுருக்கை அவிழ்த்தேன்.
பஞ்சை அமுக்கிப் பிடிங்க என்றேன்,
வேறென்ன சொல்வதென்று தெரியவில்லை.
எழுந்தவள் நின்றாள்.
"நெசமாவே தூக்குவீங்களோ? எவ்வளவு?"
அறுபத்திரண்டரை என்றேன்.
அது போன வருடத்துக் கணக்கு.
கதவுவரை போய்த் திரும்பி,
யாரிடமோ விலை விசாரிக்கிற குரலில் சொன்னாள்:
"அவுக எழுபது இருப்பாவ."

கடைசிப் பதினைந்து.
கீழே லாரி டயருக்குக் காற்றடிக்கிறார்கள்.
பன்னிரண்டில் கம்பி நடுங்கியது,
பதினாலில் நின்றது, பிறகு போனது.
மரகதவல்லி வால்வைத் திறந்தாள். உஸ்ஸ்.
விரல் நுனிவரை கொதிநீர் ஓடியது போல் இருந்தது.

"எழுபதுக்கு எத்தன மாசம் ஆகும்?"
"எதுக்கு எழுபது? போட்டியா?"

நான் பட்டையைச் சுருட்டிக்கொண்டிருந்தேன்.