நாலு ஆட்டம்

குறும்பனையிலிருந்து திங்கள்சந்தைக்குப் போகிற வழியில்
எத்தனை குழி என்று எனக்கு மனப்பாடம்.
குருசடி வளைவில் ஒன்று.
ரேஷன் கடை முன்னால் இரட்டைக் குழி.
குளத்தங்கரையில் தார் பெயர்ந்து
மழைக்கு மழை அகலமாகிற ஒன்று.
எல்லாவற்றுக்கும் இரண்டாவது கியர் போட்டேன்.
இருந்தும் வண்டி சாடியது.

ஒரு குழியில் இறங்கி ஏறினால்
அடுத்த குழி வரும்வரை
அதையே நினைத்துக்கொண்டு ஆடும்.
பிரேக் மிதித்தால்
மூக்கைத் தரையில் வைக்கும்.

நீ ஓட்டுற ஓட்டு அப்பிடி, என்றார் மாமி.
டயர்ல காத்து கூடிப்போச்சு, என்றான் கொழுந்தன்.
கரைக்கு வந்ததும் பாக்கிலாம் என்றார் அவர்,
கரைக்கு வர இன்னும் இருபத்தாறு நாள்.

ரெஃபினாவுக்கு எட்டு வயது.
ஆடுகிற வள்ளத்தில் நின்றுகொண்டே
மரச்சீனிக்கிழங்கு தின்கிற பிள்ளை
மூன்றாவது வரிசை சீட்டில்
பாலித்தீன் கவரை விரித்துப் பிடித்தபடியே வந்தாள்.
பள்ளிக்கூட யூனிபார்மில்
வாரத்துக்கு இரண்டு நாள் புளிப்பு வாடை.

முதலில் கண்டுபிடித்தது பஞ்சர் கடைப் பையன்.
தடவிப் பாருங்கக்கா, என்றான்.
முன் டயரில் உள்ளங்கையை ஓட்டினேன்.
மேடு, பள்ளம், மேடு, பள்ளம்.
நான் மெதுவாக ஓட்டிய ரோடெல்லாம்
ரப்பரில் பதிந்து கிடந்தது.

அழகியமண்டபத்தில் கிளீட்டஸ்
பானெட்டின் இடது மூலையில் இரு கையையும் ஊன்றி
ஒரே அமுக்கு அமுக்கிக் கையை எடுத்தான்.
எண்ணுங்க, என்றான்.
ஒண்ணு.
ரெண்டு.
மூணு.
நாலாவதும் பாதி ஆடி நின்றது.
நல்லதுன்னா ஏறி வந்து அப்பிடியே நிக்கணும்.
வண்டிக்க ஷாக் போச்சு.

குனிந்து டார்ச் அடித்துக் காட்டினான்.
கம்பியின் கழுத்திலிருந்து எண்ணெய் வழிந்து
அதில் புழுதி ஒட்டி
கறுத்த களிம்பாய் இறுகியிருந்தது.
எத்தனை மாதமாக என்று கேட்டேன்.
அது சொல்லாதுல்லா, என்றான்.

ஒத்தை மாற்றக்கூடாதாம், ஜோடியாகத்தான்.
பின்பக்கம் ஒழுகவில்லை, ஆனால் உயிரில்லை.
நாலும் போடு என்றேன்.
வாஷிங் மெஷினுக்கு வைத்திருந்த சீட்டுப் பணம்.

உப்புக்காற்று நட்டுகளைத் தின்றிருந்தது.
இரண்டு எண்ணெய் குடித்தும் அசையாமல்
மூன்றாவது, பைப்பை மாட்டி
இரண்டு பேர் தொங்கியபோது
துப்பாக்கிபோல் வெடித்து இளகியது.
ஸ்பிரிங்கைக் கிளாம்ப் போட்டு நெருக்கும்போது மட்டும்
தள்ளி நில்லுங்கக்கா என்றான்,
அதுவரை சிரித்துப் பேசிக்கொண்டிருந்தவன்.

அப்போதுதான் தெரிந்தது,
பாரத்தைத் தாங்குவது ஷாக் அல்ல.
தாங்குவது ஸ்பிரிங்.
தாங்கியபிறகு
போதும், அடங்கு
என்று சொல்வதற்குத்தான் இது.

கழற்றிய பழசை அமுக்கினேன்.
அமுங்கியது, அங்கேயே கிடந்தது.
புதியதை அமுக்க
என் முழுப் பாரமும் வேண்டியிருந்தது.
கையை எடுத்ததும்
அவசரமே இல்லாமல்
எழுந்து வந்தது.

நாகர்கோவிலில் அலைன்மென்ட் பார்த்துத் திரும்ப
இருட்டிவிட்டது.
திங்கள்சந்தையில் மாமியையும் பிள்ளையையும் ஏற்றினேன்.
மாமி வழக்கம்போல் மேல்பிடியைப் பிடித்துக்கொண்டார்.
குளத்தங்கரை வந்தது, இறங்கியது, ஏறியது.
நின்றது.
ரேஷன் கடை இரட்டைக் குழிக்கு
கால் தானாக பிரேக்குக்குப் போனது.
எடுத்துவிட்டேன்.

பின்னால் ரெஃபினா
கவருக்குள் காற்றை ஊதி
முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தாள்.

மாமி கைப்பிடியை விட்டார்.
ஜன்னலுக்கு வெளியே எட்டிப் பார்த்தார்.
எப்பம் ரோடு போட்டானுவ, என்றார்,
கொள்ளாமே.

பில் என் பைக்குள் இருந்தது.
குருசடி வளைவு வந்துகொண்டிருந்தது.
மூன்றாவது கியரிலேயே விட்டேன்.