இரண்டு கடல், இரண்டு பைத்தான்

கச்சான் தொடங்கி ஒன்பதாம் நாள், சாயங்காலம்.
மண்டபத்தில் கரண்ட் வந்து வந்து போனது.
புல்லளவி என்று பெயரிட்ட என் பேக்கேஜை
மூன்றாம் தடவை நிறுவினேன்,
கட்டளையின் கடைசிப் புள்ளியை மறக்காமல்.
புள்ளி என்றால் இந்த ஃபோல்டர். இங்கேயே.

அப்படி ஒரு மாட்யூல் இல்லை என்றது நோட்புக்.

மீரா நாச்சியா எட்டிப் பார்த்தாள்,
கையில் கடற்புல் ஈரம்.
"எந்த பைத்தான்ல போட்ட, எதுல தேடுற?
வடகடல்ல வலைய விட்டுட்டு
தென்கடல்ல இழுக்குறியே."

இரண்டு இருந்தன.
கெர்னலை மாற்றினேன். ஏறிக்கொண்டது.
சட்டம் பதினேழு: நாற்பத்தொரு தாள்.
அவள் கையால் எண்ணியது நாற்பத்து மூன்று.

ஒரு வரி திருத்தினேன்.
அப்போதும் நாற்பத்தொன்றுதான்;
கெர்னலை அணைத்து எழுப்பிய பிறகே
நாற்பத்திரண்டு.

ஸ்கிரீன் கறுத்தது.
"இன்னும் ஒண்ணு" என்றாள்
இருட்டுக்குள்ளிருந்து.