எழுநூறு மில்லி

ஜனவரி முழுக்கக்
குளியலறையைத் தாழிட்டுக்கொண்டு
தொட்டி விளிம்பில் உட்கார்ந்துதான் மாத்தே குடித்தேன்,
திருடியைப்போல.
உறிஞ்சும் சத்தம் அவனுக்குக் கேட்டுவிடக் கூடாதென்று
குழாயைத் திறந்து வைத்திருந்தேன்.
பல நாள் கழித்துத்தான் உறைத்தது:
தாகத்தோடு இருப்பவனை
ஓடும் தண்ணீரைக் கேட்க வைத்திருக்கிறேன்.

அடேமாருக்கு ஒரு நாளைக்கு எழுநூறு மில்லி.
மாத்திரை விழுங்கும் மிடறு, சூப், ஒரு கரண்டி ஜெல்லி
எல்லாம் அதற்குள்.
ஐஸ் துண்டை நக்கினாலும் நோட்டில் எழுதுவான்:
ஒன்று, பதினைந்து மில்லி.
ஜன்னலுக்கு வெளியே
உருகுவாய் ஆறு
யாரும் அளக்காமல் போய்க்கொண்டிருக்கும்.
மழை வருமென்று சிரித்துக்கொண்டே சொன்ன
டிவிப் பெண்ணை ஒருநாள்
கெட்ட வார்த்தையில் திட்டினான்.

முப்பத்தொரு வருடம்
பைசாந்து துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவன்.
இடது அக்குளில் தெர்மோஸ்,
அதே கையில் சுரைக்குடுவை,
வலக்கை நெம்புகோலில்.
எங்கள் ஊரில் எல்லோரும் அப்படித்தான் நடப்போம்,
ஒரு பக்கச் சிறகை மட்டும் மடக்கிக்கொண்டு.
அந்த இடக்கையில்தான்
சிரையையும் தமனியையும் சேர்த்துத் தைத்தார்கள்.
பாரம் கூடாது. அழுத்தம் கூடாது.
தொட்டுப் பார்த்தால் உள்ளே ஒரு குளவி ரீங்கரிக்கும்.
முதல் மாதம்
நான் அந்தப் பக்கம் படுக்கவில்லை.

செவ்வாய், வியாழன், சனி.
நான்கு மணி நேரம்.
ரத்தம் ஊரைச் சுற்றிப் பார்த்துவிட்டு வருகிறது என்பான்.
பக்கத்து நாற்காலியில் ஓதீலியா,
லாட்டரிச் சீட்டு விற்றவள்,
இயந்திரம் காட்டும் எண்களையெல்லாம்
கையில் எழுதிக்கொள்வாள்.
ஒரு வியாழக்கிழமை
அங்கே புது விரிப்பு போட்டிருந்தது.
யாரும் கேட்கவில்லை.
சனிக்கிழமை, காதில் ஹெட்போனோடு
ஒரு பையன் அதில் உட்கார்ந்திருந்தான்.
வீட்டுக்கு வந்து காலணியைக்கூடக் கழற்றாமல்
அடேமார் சொன்னான்:
கடைசியாக நாற்பத்தேழு சொன்னாள்.
நான் வாங்கவில்லை.

எனக்கோ
அந்த விரிப்பைக் கண்டதும் முதலில் வந்தது துக்கமில்லை.
அவள் மகள்
இன்று மேசைமேல் தெர்மோஸை வைத்துக்கொண்டு
கதவைத் திறந்துபோட்டுக் குடிப்பாள்
என்றுதான் தோன்றியது.
இதை நான் பாதிரியாரிடமும் சொல்லவில்லை.

மனநல ஆலோசகர் வந்து கேட்டாள்,
ஒன்றிலிருந்து பத்துக்குள்
உங்கள் மனநிலை எவ்வளவு?
மூன்று கிலோ இருநூறு, என்றான்.
அவள் அதையும் குறித்துக்கொண்டாள்.
என்னிடம் எண் எதுவும் கேட்கவில்லை.
நான் அவன் கோட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

நேற்று இரவு கதவைத் தட்டினான்.
நீபியா, குழாயை மூடு.

வெளியே வந்தால்
வலது அக்குளில் தெர்மோஸ்,
பழக்கமில்லாத கை, கோணலாக நிற்கிறான்.
இலைத்தூளை ஒருபக்கம் சரித்து நனைத்திருந்தான்,
பாதி மேசையிலும்.
முதல் ஊற்று ஊற்றுகிறவனுக்கு,
கசப்பை அவன்தான் வாங்கிக்கொள்ள வேண்டும்.
அதைக் கழுவுதொட்டியில் கவிழ்த்தான்.
கடைசிச் சொட்டு போகும்வரை
பார்த்துக்கொண்டே நின்றான்.
இரண்டாவதை என்னிடம் நீட்டினான்.
சத்தம் வரக் குடி.

குடுவையைத் திருப்பித் தரும்போது
நன்றி என்று சொன்னால்
எங்களிடையே அதற்குப் பொருள்: போதும், இனி ஊற்றாதே.
நான் சொல்லவில்லை.
அவன் ஊற்றினான்.
ஐந்து. ஆறு. ஒன்பது.
அடிவயிறு முட்டிக்கொண்டு வந்தது,
எழுந்து போகக் கூச்சமாயிருந்தது.
அவனுக்கு அதுவும் நின்று ஒரு வருடமாகிறது.

தெர்மோஸ் காலியானதும்
சூடு சரியாயிருந்ததா என்று கேட்டான்.
கொஞ்சம் அதிகம், என்றேன்.
நாக்கு வெந்திருந்தது.