எல்லாரும்

பெயர்ப்பலகை ஓசியில் வந்தது.
பத்தடி நீளம்,
ஒன்பதடி அவர்களுடைய சோடா.
மிச்ச ஓரத்தில் எறும்பு ஊர்ந்தாற்போல
தவமலர் ஸ்டோர்ஸ், பொகவந்தலாவை.
என் பெயரை வாசிக்க
நானே ரோட்டைக் கடந்து போய் நிற்கவேண்டும்.

குளிர்பெட்டியும் ஓசிதான்.
கரண்டு பில் மட்டும் எனக்கு.
இன்னும் ஒன்று, தாளில் கையெழுத்து வாங்கினார்கள்:
உள்ளே வேறெதுவும் வைக்கக் கூடாது.

பலகையில் ஒரு பையன் அந்தரத்தில் பாய்கிறான்
முத்து முத்தாய் வியர்வை, பின்னால் வெயில்.
இங்கே பதினெட்டு நாளாய் மழை.
படங்கு நனைந்து தொடையில் ஒட்ட
கொழுந்து நிறுத்துவிட்டு வருகிறவர்கள்
அந்த வெயிலை ஒருதரம் நிமிர்ந்து பார்த்துப் போகிறார்கள்.

'எல்லாரும் குடிப்பது இதைத்தான்.'
கடன் கொப்பியைப் புரட்டினேன்.
ஐந்தாம் லயத்துச் செபமாலை, மாவு இரண்டு கிலோ.
ஒச்சாயி, பாண், மண்ணெண்ணெய் அரைப் போத்தல்.
கங்கைமுத்து, தேயிலைத்தூள் நூறு கிராம்
(இந்த மலையில், காசுக்கு).
எல்லாரையும் காணவில்லை.

சம்பளத்தன்று சுகந்தினி மகனோடு வந்தாள்.
அரைப்பேர் நிறைய விழுந்த மாதம்.
பலகையைக் காட்டி அவன் கேட்டான்:
"அப்ப நான் எல்லாரும் இல்லையா?"
முடிச்சை அவிழ்த்தாள்.
அன்றிலிருந்து எல்லாரும்
ஒவ்வொருவராய் வரத் தொடங்கினார்கள்.

சீனி கூடினால் சிவப்புப் பொட்டு வைக்கவேண்டுமாம், சட்டம்.
வைத்துத்தான் இருக்கிறார்கள்.
போத்தலே சிவப்பு.
கதவில் ஒட்டிய கிரிக்கெட்காரனுக்கு
பல் ஒன்றும் விழவில்லை.

அடித்தட்டில், கடைசி வரிசைக்கும் பின்னால்
ஒரு சோற்றுப்பெட்டி இருக்கிறது.
உள்ளே மூன்று இன்சுலின் குப்பி.
பிளாஸ்திரி ஒட்டிப் பெயர் எழுதியிருக்கிறேன்
செபமாலை, ராக்கம்மா, என் வீட்டுக்காரர்.
மூன்று லயத்துக்கும் குளிரென்று இருப்பது
இது ஒன்றுதான்.

வெள்ளிக்கிழமை கம்பெனிப் பையன் நிமாலன்
படமெடுக்க வந்தான்.
குனிந்தவன் பெட்டியைக் கண்டுகொண்டான்.
திறந்தான். பெயர்களை வாசித்தான்.
நான் தராசுத் தட்டைத் துடைத்துக்கொண்டு நின்றேன்,
துடைத்த தட்டையே.

மூடி, இருந்த இடத்தில் வைத்து
அதற்கு முன்னால்
இன்னும் இரண்டு வரிசை போத்தல் அடுக்கினான்.
லேபல்கள் எல்லாம் முன்னால் பார்க்கும்படி
ஒவ்வொன்றாய்த் திருப்பினான்.

பிறகு போனில் படத்தைக் காட்டினான்.
நிறைந்த பெட்டி, சிவப்பாய், விளக்கெரிய.
பார்க்க நன்றாகத்தான் இருந்தது.